பக்கத்து வீட்டு மரமும் இரண்டாயிரம் ஆண்டு வழக்கும்



போன வாரம், 2003ஆம் ஆண்டு பிளஸ் டூ முடித்த மாணவன் ஒருவன் திருப்பூரிலிருந்து போன் செய்தான். நலம் விசாரித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினான். "சார், ஒரு யோசனை கேக்கணும். பக்கத்து வீட்டு வேப்பமரக் கிளை முறிஞ்சு என் கார் மேல விழுந்துடுச்சு. முன் கண்ணாடி போச்சு. எங்க வீட்டு சன்ஷேடும் உடைஞ்சுடுச்சு. நஷ்ட ஈடு கேட்டா, 'காத்துல விழுந்துச்சு, நானா தள்ளி விட்டேன்'ங்கறார். கேக்கறது நியாயமா சார்?"

நான் சட்டம் படித்தவன் அல்ல. முப்பத்து மூன்று ஆண்டுகள் வரலாறு நடத்தியவன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. ஒரே இரவில் நஷ்டப்பட்டவனாகவும் இருந்தேன், நஷ்டம் செய்தவனாகவும் இருந்தேன். போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். வகுப்பு எடுத்து ரொம்ப நாளாயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய இரவு. பட்டுக்கோட்டைப் பக்கத்து உறவுகளுக்கு அந்த இரவை நான் விவரிக்க வேண்டியதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்தேன். கிழக்கு வீட்டு அண்ணனின் ஒதிய மரம் வேலியைத் தாண்டி என் வீட்டுப் பின்கட்டு ஓட்டின் மேல் படுத்துக் கிடந்தது. அடுப்படி ஓடு, இரண்டு உத்திரம், மதில் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் போயிருந்தன. மேற்குப் பக்கம் போனால், என் தென்னை ஒன்று மேற்கு வீட்டு அக்காவின் ஆட்டுக் கொட்டகையை இரண்டாகப் பிளந்திருந்தது. நல்ல வேளையாக ஆடுகளை இரவே வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து கட்டியிருந்தார்.

நாலு நாள் கழித்து மேஸ்திரி வந்து என் வீட்டுச் சேதத்தைப் பார்த்து 38,000 ரூபாய் ஆகும் என்றார். நேரே கிழக்கு வீட்டுக்குப் போனேன். "அண்ணே, உங்க ஒதிய மரம் உள்ளே பொந்து விழுந்து, கரையான் ஏறி, காளான் பூத்துக் கிடந்துச்சு. அது விழுந்ததுக்குக் காத்து மேல பழி போட முடியாது. பாதியாவது நீங்க குடுக்கணும்" என்றேன். அவர், "சார், ஊர்ல நிக்கிற மரமெல்லாம் விழுந்திருக்கு. என் மரம் மட்டும் நின்னிருக்குமா?" என்றார். பேச்சு தடித்தது. கடைசியாக அவர் கேட்ட கேள்வி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "அவ்வளவு தெரிஞ்சவரு, ஒரு நாளாவது என்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். மரத்துக்குச் சொந்தக்காரரிடம் மட்டும், முகம் கோணுமே என்று, சொன்னதே இல்லை.

அன்று சாயங்காலம் மேற்கு வீட்டு அக்கா வந்தார். கணவரை இழந்து ஆடு வளர்த்துப் பிழைப்பவர். கொட்டகைக்கு 11,000 ஆகும் என்கிறார்கள் என்றார். நான் யோசிக்காமல் சொன்னேன்: "காத்து தள்ளுனதுக்கு யாரு பொறுப்பு அக்கா?" அவர் சண்டை போடவில்லை. "நான் ரெண்டு தடவை சொன்னேன் தம்பி, தென்னை எங்க பக்கமா சாஞ்சுகிட்டே வருதுன்னு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உண்மைதான். இரண்டு முறை சொன்னார். "தென்னை வளையும், விழாது அக்கா" என்று இரண்டு முறையும் நான் சிரித்திருந்தேன்.

உள்ளே இருந்து என் மனைவி கேட்டாள்: "காலையில ஒரு சட்டம், சாயங்காலம் ஒரு சட்டமா?"

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 22 நாள் ஆயிற்று. டிவி இல்லை, போன் இல்லை. அந்த நாட்களில், வழக்கறிஞராக இருக்கும் என் மாணவி ஒருத்தியிடம் பழைய சட்டப் புத்தகங்களை வாங்கிவந்து, பகல் வெளிச்சத்தில் படித்தேன். முதலில் என் கட்சிக்கு ஆதாரம் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் ரோம் பாடம் நடத்தும்போது பன்னிரண்டு பலகைச் சட்டம் என்று ஒரு வரி சொல்வேனே, நினைவிருக்கிறதா? கி.மு. 450 வாக்கில், சாமானிய மக்களின் போராட்டத்துக்குப் பிறகு, சட்டத்தைப் பலகைகளில் எழுதிப் பொது இடத்தில் வைத்தார்கள். மூலப் பலகைகள் அழிந்துவிட்டன. பின்னால் வந்தவர்கள் எடுத்துக்காட்டிய வரிகள்தான் மிச்சம். அந்தக் கொஞ்சத்திலும் பக்கத்து நிலத்து மரம் இடம் பிடித்திருக்கிறது! நிழல் அடுத்தவன் பயிரைக் கெடுக்காதபடி 15 அடி உயரக் கணக்கு வைத்துக் கிளைகளைக் கழிக்க வேண்டும் என்று ஒரு விதி. காற்றில் சாய்ந்து அடுத்த நிலத்தின் மேல் வளைந்து நிற்கும் மரத்தை அகற்றச் சொல்லி வழக்குப் போடலாம் என்று இன்னொரு விதி. மரத்துக்காரனுக்கும் உரிமை கொடுத்தார்கள். அவன் மரத்துப் பழமோ கொட்டையோ அடுத்தவன் நிலத்தில் விழுந்தால் போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம். பின்னாளில் அதற்கும் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். மாங்காய்ச் சண்டை நம் தெருவோடு தொடங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை போலிருக்கிறது.

அடுத்து வந்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ரோமானியர்கள் இன்னும் நடக்காத சேதத்துக்கு என்றே ஒரு தனி ஏற்பாடு வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சுவரோ மரமோ உன் மேல் விழும் போலிருந்தால், விழும் வரை காத்திருக்க வேண்டாம். நீதி அதிகாரியிடம் போய், "சேதம் வந்தால் ஈடு செய்கிறேன்" என்று அவனிடம் முன்கூட்டியே உறுதிமொழி வாங்கித் தரும்படி கேட்கலாம். அவன் மறுத்தால் அந்த இடத்துக்குள் நுழைந்து இருக்கும் அதிகாரத்தையே உனக்குக் கொடுப்பார்கள். முன்பே கேட்காமல் இருந்துவிட்டு, விழுந்த பிறகு வந்து நஷ்ட ஈடு கேட்பவனுக்கு வழி குறுகலாகத்தான் இருந்தது.

சரி, உறுதிமொழி வாங்கியாயிற்று, மரமும் விழுந்துவிட்டது. அப்போது என்ன? மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய உல்பியன் என்ற சட்ட அறிஞர், தனக்கு முந்தைய விவியானுஸ் என்பவரின் பேச்சை எடுத்துவைத்து இதையே அலசுகிறார். புயலின் வேகத்தில் பக்கத்து நிலத்து மரங்கள் முறிந்து என் திராட்சைக் கொடியையோ பயிரையோ கட்டடத்தையோ அழித்தால், அது மரத்தின் குற்றத்தால் வந்த சேதம் ஆகாது. காற்றின் வலிமையால் வந்தது. அந்த உறுதிமொழி அப்போது உதவாது. ஆனால் மரம் முதுமையால் தளர்ந்து விழுந்திருந்தால், மரத்தின் குற்றம் என்றே சொல்லலாம். இந்தக் கருத்து, ஜஸ்டினியன் பேரரசர் கி.பி. 533இல் வெளியிட்ட டைஜெஸ்ட் என்னும் பெருந்தொகுப்பில் சேர்ந்து நம் காலம் வரை வந்திருக்கிறது.

கிழக்கு வீட்டு அண்ணனும் நானும் வேலியில் நின்று கத்திய இரண்டு வாக்கியங்களும் அதில் அப்படியே இருந்தன. அவர் சொன்னது காற்று. நான் சொன்னது மரம்.

ரோமன் சட்டம் ரோமோடு நின்றுவிடவில்லை. டச்சுக்காரர்கள் அதைத் தங்கள் ஊர் வழக்கோடு கலந்து கப்பலில் கொண்டுபோனார்கள். நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் இலங்கையில் அவர்கள் ஆட்சி 1796இல் முடிந்த பிறகும், ரோமன் டச்சுச் சட்டம் அங்கே பொதுச் சட்டமாகவே நீடிக்கிறது. நமக்கு வாய்த்தது ஆங்கிலேயர் வழி. ஆகவே அங்கே என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1894இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, லெம்மன் எதிர் வெப் என்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பழைய மரங்களின் கிளைகள் பல ஆண்டுகளாகப் பக்கத்து நிலத்தின் மேல் நீண்டிருந்தன. அந்த நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் இருந்த வரைக்கும் கிளைகளைச் சொல்லாமலே வெட்டிவிட்டார். மரத்துக்காரர் வழக்குப் போட்டார். மற்றவர் நிலத்தில் கால் வைக்காமல் வெட்டுவதானால் முன்னறிவிப்புத் தேவையில்லை என்றது சபை. எத்தனை ஆண்டு நீண்டிருந்தாலும் அடுத்தவன் நிலத்தின் மேல் கிளை பரப்ப மரத்துக்கு உரிமை வந்துவிடாது என்பதும் அதில் உறுதியானது. ஆனால் வெட்டியது உன் சொத்து ஆகிவிடாது. 1919இல் மில்ஸ் எதிர் புரூக்கர் என்ற வழக்கில், தன் பக்கம் நீண்ட கிளைகளில் இருந்த ஆப்பிள் பழங்களை எடுத்து விற்றவர், மரத்துக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

விழுந்த மரத்துக்கு வருவோம். 1926, நோபிள் எதிர் ஹாரிசன். சாலையின் மேல் நீண்டிருந்த பீச் மரக் கிளை, காற்றே இல்லாத நல்ல நாளில் முறிந்து, கீழே போன பயணிகள் வண்டியைச் சேதப்படுத்தியது. காற்று இல்லையே, மரத்துக்காரர் மாட்டிக்கொண்டார் என்றுதானே நினைப்போம்? இல்லை. கிளைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தது. கவனமாகப் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆகவே அவர் பொறுப்பில்லை என்று தீர்ந்தது. 1947இல் பிரவுன் எதிர் ஹாரிசன் வழக்கில் நிலைமை வேறு. அந்த மரம் பட்டுக்கொண்டு வருவது சாதாரண மனிதன் கண்ணுக்கே தெரியும்படி இருந்தது. மரத்துக்காரர் பொறுப்பு ஏற்க வேண்டியிருந்தது.

அதாவது, கேள்வி மெல்ல இடம் மாறியிருக்கிறது. ரோமில் காற்றா மரமா என்று கேட்டார்கள். இங்கிலாந்தில், மரத்தின் குறை சொந்தக்காரருக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்டார்கள்.

அதே கேள்வியை நம் உச்ச நீதிமன்றமும் கேட்டிருக்கிறது. 1964இல் டெல்லியில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த ஒருவர் தலையில், சாலையோர வேப்பமரக் கிளை முறிந்து விழுந்தது. அவர் இறந்துபோனார். குடும்பத்தார் தொடுத்த வழக்கு, டெல்லி மாநகராட்சி எதிர் சுசீலா தேவி என்ற பெயரில் 1999இல்தான் முடிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள்! பட்டுப்போன கிளை விழக்கூடியது என்று தெரிந்திருந்தாலும், தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தாலும், சொந்தக்காரர் பொறுப்பு. மரங்களை அவ்வப்போது பார்த்து ஆபத்தானதை அகற்றுவது மாநகராட்சியின் கடமை என்று நஷ்ட ஈட்டை உறுதி செய்தார்கள். மேலே சொன்ன 1947 வழக்கும் அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது.

ரோமானியர்களின் 'முன்கூட்டியே கேள்' ஏற்பாடும் வேறு உருவத்தில் நம்மிடம் உண்டு. விழும் நிலையில் உள்ள மரத்தால் அக்கம்பக்கத்தில் குடியிருப்போருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் ஏற்படலாம் என்றால், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடம் மனுக் கொடுக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவு. அதில் எனக்குப் பிடித்த ஒன்று: மரத்தை அகற்று என்று மட்டும் சொல்லவில்லை, முட்டுக் கொடுத்து நிறுத்து என்றும் உத்தரவிடலாம். ஆனால் இந்த வழியில் நஷ்ட ஈடு கிடைக்காது. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே காலக்கெடு உண்டு.

இவ்வளவும் படித்து முடித்தபோது என் கட்சி என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

கிழக்கு வீட்டு ஒதிய மரம் பொந்து விழுந்து காளான் பூத்திருந்தது. அவர் பார்த்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு என் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊரையே புரட்டிய காற்று வேறு. நல்ல மரமே நிற்காத இரவில் கெட்ட மரம் கெட்டதால்தான் விழுந்தது என்று எப்படி நிரூபிப்பேன்?

என் தென்னை? சாய்ந்துகொண்டே வந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை வீடு தேடி வந்து சொல்லவும் சொன்னார்கள். காற்று எனக்கும் பொதுதான். ஆனாலும் இரண்டு வழக்கையும் தராசில் வைத்தால், கிழக்கு வீட்டு அண்ணனைவிட என் தட்டுதான் கனம்.

அந்தச் சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. விழுந்த தென்னைகளுக்கு அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. கணக்கெடுக்க வந்தவர்களிடம் என் மரங்களைக் காட்டி எண்ணச் சொன்னேன். அக்காவின் கொட்டகை மேல் கிடந்த மரத்தையும் சேர்த்து எண்ணியபோதுதான் எனக்குக் கூச்சமாகிவிட்டது. விழுந்த மரத்துக்கு நான் பணம் வாங்கப் போகிறேன். அது விழுந்த இடத்துக்காரருக்கு என்ன?

தை பிறந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். 11,000 ரூபாயைக் கொடுத்து, "நீங்க சொன்னப்ப நான் கேக்கல அக்கா, தப்பு என்னுது" என்றேன். அவர் ஒரு ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். "கொட்டகைக் கம்பு பழசுதான் தம்பி" என்றார். நியாயம் பார்ப்பது எப்படி என்று அவரிடம் கற்றுக்கொண்டேன்.

பிறகு கிழக்கு வீட்டுக்கும் போனேன். "நான் முன்னாடியே சொல்லாதது தப்புதான் அண்ணே. நீங்க முடிஞ்சதைப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்கும் அந்தப் புயலில் தோப்பே போயிருந்தது. ஆறு மாதம் கழித்து மதில் சுவரை மட்டும் தன் செலவில் எழுப்பிக் கொடுத்தார். அடுப்படிச் செலவு என்னோடு போயிற்று. எனக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பேத்தி காதுகுத்துக்கு நாங்கள்தான் முதலில் போய் நின்றோம்.

இப்போது திருப்பூர் மாணவனுக்கு வருகிறேன். அவனிடம் இரண்டு கேள்விகள்தான் கேட்டேன்.

"அந்தக் கிளை பச்சையா இருந்துச்சா, பட்டுப்போயிருந்துச்சா?"

"ரெண்டு வருஷமா அதுல இலையே இல்ல சார்."

"அவர்கிட்ட முன்னாடி சொன்னியா?"

"வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்பினேன் சார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற படம் போட்டார். அப்புறம் ஒண்ணும் செய்யல."

அந்தக் கட்டைவிரல்தான் உன் சாட்சி என்றேன். அவருக்குத் தெரியும் என்பது அதில் இருக்கிறது. போட்டோவையும் தேதியையும் பத்திரப்படுத்து. சேதத்தைப் படம் எடு. பழுதுபார்த்த பில்லை வாங்கி வை. கார் இன்சூரன்ஸில் என்ன கிடைக்கும் என்று முதலில் கேள். பிறகு நேரில் போய், கேட்கும் தொகையை எழுத்தில் கொடு. மறுத்தால் வக்கீல் நோட்டீஸ். அதற்கு முன்னால் இன்னொரு தடவை சேர்ந்து உட்கார்ந்து பேசு. முப்பத்தைந்து ஆண்டு வழக்கு நமக்கு வேண்டாம்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை வரப்போகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பக்கத்து வீட்டு மரத்தை மட்டும் பார்க்காதீர்கள், உங்களுடையதையும் பாருங்கள். பட்ட கிளை, அடியில் காளான், வேர்ப் பக்கம் மண் வெடிப்பு, வருஷத்துக்கு வருஷம் கூடும் சாய்வு, இவை இருந்தால் கவனியுங்கள். எல்லா மரத்தையும் வெட்டச் சொல்லவில்லை. கிளை கழித்தாலோ முட்டுக் கொடுத்தாலோ நிற்கிற மரம் நிற்கட்டும். வெட்டுவதற்கு முன் உங்கள் ஊரில் அனுமதி வேண்டுமா என்று விசாரியுங்கள். மலைப்பகுதி உறவுகளுக்கு 1955ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மரம் பயமுறுத்தினால், போய் மரியாதையாகச் சொல்லுங்கள், ஒரு படமும் அனுப்பிவையுங்கள். யாராவது வந்து உங்கள் மரத்தைப் பற்றிச் சொன்னால், என்னைப் போலச் சிரிக்காதீர்கள்.

அக்கா வீட்டுப் பக்கம் இப்போது எனக்கு இரண்டு தென்னை நிற்கின்றன. நேற்று சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒன்றைப் பார்த்து, "இது கொஞ்சம் தலையைச் சாய்க்குது தம்பி" என்றார். நாளை மரமேறும் தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்